டவர் வளைவில் ஒலித்த குரல்

திருமலைச்சாமி அண்ணனை எங்கள் மலையூரான கவுஞ்சியில் யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை. பூண்டும் உருளையும் போடுகிற மனிதர். கையகல நிலம்தான், படிப்படியாக இறங்குகிற காடு. சண்டைக்குப் போக மாட்டார். பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் நின்று வரும். நான் பிக்கப் ஓட்டுகிறவன். அவர் காட்டு மூட்டைகளையும் நான்தான் கீழே கொண்டு போகிறேன். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். இது அவர் கதை. நானும் கொஞ்சம் உள்ளே இருக்கிறேன், அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் டவர் எடுக்காது. காட்டில் எடுக்காது. ஊரை விட்டு மேலே ஏறினால் ஒரு வளைவு வரும். பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். அங்கே நின்றால் எடுக்கும். அந்த இடத்துக்கு டவர் வளைவு என்றே பெயராகிவிட்டது. சாயங்காலம் காட்டு வேலை முடிந்ததும் ஆம்பளைகள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்போம். நாள் பூராவும் வராமல் கிடந்த மெசேஜ் எல்லாம் ஒரே நேரத்தில் டிங் டிங்கென்று வந்து விழும். யாருக்கு என்ன வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மருமகன் கோபித்துக்கொண்டதும் அங்கேதான், கேரட் விலை விழுந்ததும் அங்கேதான். ஒளித்துக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு இருந்ததில்லை.

அண்ணன் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கருக்குள் ஒரு மழையில் மண் தண்ணீர் போய், அது செத்துப்போயிற்று. வெளிச் சத்தம் மட்டும் நன்றாக வேலை செய்தது. மாற்று, மாற்று என்று எல்லாரும் சொன்னோம். "கேக்குதுல்ல, அது போதும்டா" என்று விட்டுவிட்டார். ஆகவே அவருக்கு வருகிற வாய்ஸ் எல்லாம் எங்கள் எல்லாருக்கும் வந்த மாதிரிதான். கேட்டுவிட்டு அங்கேயே நின்று பதில் போட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கேட்டால் பதில் மறுநாள்தான் போகும்.

வாட்ஸ்அப்பில் தோட்டக்காரர்கள் குரூப் ஒன்று இருந்தது. மேல்மலைக்காரன், கீழ்நாட்டுக்காரன், மாடியில் தொட்டி வைத்திருக்கிறவன், எல்லாரும் அதில் உண்டு. பழனியிலிருந்து ஒரு அம்மா பழைய பெயின்ட் வாளியில் மலைப்பூண்டு நட்டு, அது அழுகிப்போன போட்டோவை அதில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தது. குரூப்பில் பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். ஒருவன், "பழனி வெயிலுக்கு வாளியில பூண்டு வெந்து ரசமே ஆயிருக்கும்" என்று எழுதினான். நாங்களும் வளைவில் நின்று சிரித்தோம். சிரிப்பு வரத்தான் செய்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. குரூப்பிலேயே ஒரு வாய்ஸ் போட்டார்: "வணக்கம்மா. திருமலைச்சாமி பேசுறேன், கவுஞ்சியிலேருந்து. உங்க நம்பருக்குத் தனியா ஒரு வார்த்தை போடலாமாம்மா?"

அதற்கும் சிரிப்புதான். குரூப்பில் இருக்கிற நம்பரை எடுத்துப் பேச அனுமதி கேட்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று கந்தவேல் சொன்னான். கந்தவேல் எங்கள் ஊர் மூட்டைகளைப் பிடித்து மண்டிக்கு ஏற்றிவிடுகிற தரகன். வாய் மட்டும் மண்டிக்குப் போகாமல் எங்களோடேயே இருக்கும்.

அந்த அம்மா, "போடுங்கண்ணே" என்று பதில் போட்டது.

அண்ணன் போட்டார். "கீழ வெயிலுக்கு அது நிக்காதும்மா. நீங்க வச்சது தப்பில்ல, ஆசைப்பட்டு வச்சிருக்கீங்க. அந்த வாளியிலயே சின்ன வெங்காயம் ஊனுங்க, கைவிடாது." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

வெங்காயம் வந்தது. தாள் பச்சையாக நிற்கிற போட்டோ ஒன்று வந்தது. அப்படித்தான் சண்முகசுந்தரி அம்மா எங்கள் வளைவுக்குள் வந்தார்கள்.

பழனி அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு கடை. துளசி மாலை, விபூதிப் பொட்டலம், சாமி படம், பிள்ளைகளுக்கு ஊதல். புருசன் இல்லை. ஒரே மகன், பெயர் செல்வமுருகன், சிங்கப்பூரில் வேலை. இதெல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்தது. அண்ணன் எதையும் கேட்டதில்லை. போட்டோ அனுப்பு என்றதில்லை. காலையில் பூப்படம் போட்டு வணக்கம் வைத்ததில்லை. ரெண்டு நாள் பதில் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று நோண்டியதில்லை. "அவுகளுக்குச் சோலி கெடக்கும்" என்பார். நான் ஒருமுறை, "ஏண்ணே, வீடியோ கால் போட்டு மூஞ்சியப் பாக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"மூஞ்சியப் பாத்து என்னடா செய்யப் போறேன்? பேச்சு நல்லாருக்கு, அது போதும்."

அவர் வீட்டுக்காரி அழகம்மாளுக்கும் இது தெரியும். அந்த அக்காவும் சில நாள் வளைவுக்கு வந்து, "எம்மா சுந்தரி, அந்தப் பஞ்சாமிர்தம் எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று நடுவில் புகுந்து கேட்கும். அண்ணன் ஒவ்வொரு வாய்ஸிலும் முதலில், "திருமலைச்சாமி பேசுறேன், கவுஞ்சியிலேருந்து" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த அம்மா சிரிக்கும். "தெரியுதுண்ணே, உங்க பேரு மேலயே போட்டு வருது!" அவர் நிறுத்தவில்லை. கதவைத் தட்டாமல் எப்படி உள்ளே போவது என்பார்.

ரெண்டு வருசம் ஓடிற்று. இவர் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தை அனுப்புவார். காட்டுமாடு வேலியை மிதித்த கதையைச் சொல்வார். அங்கிருந்து தேரோட்டத்துச் சத்தம் வரும், காவடிக்காரர்கள் கூட்டம் கடையைத் தாண்டிப் போகிற சத்தம் வரும். மாமியார் செத்தபோது அந்த அம்மா அழுதது வந்தது. "இருந்த வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்துச்சுண்ணே, இப்ப திட்ட ஆளில்ல" என்று அழுதது. நாங்கள் அதற்குப் பழனி நியூஸ் என்று பெயர் வைத்திருந்தோம். மெசேஜ் வருகிற சத்தம் கேட்டதும், "அண்ணே, நியூஸ் போடுங்க" என்போம். அவர் போடுவார்.

அந்த அம்மாவுக்கு இது தெரியாது. ஒரு மனிதரிடம் பேசுகிறோம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். இதைச் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அனுமதி கேட்டுப் பேசின மனிதர்தான். ஆனாலும் தோன்றவில்லை.

போன கார்த்திகையில் ஒரு நாள். பூண்டு ஊன்றிக்கொண்டிருந்த நேரம், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வளைவில் நான், கந்தவேல், அஜித்குமார், இன்னும் ரெண்டு மூன்று பேர். அண்ணன் காட்டிலிருந்து நேராக வந்தார். கை முழங்கை வரை சேறு. போனை எடுத்ததும் டிங்கென்றது.

"நியூஸ் வந்துருச்சு, போடுங்கண்ணே" என்றேன். நான்தான் சொன்னேன்.

போட்டார். சண்முகசுந்தரி அம்மா குரல், வழக்கமில்லாமல் சின்னதாக வந்தது.

"அண்ணே, பக்கத்துல யாரும் இருக்காங்களாண்ணே?"

நாங்கள் குபீரென்று சிரித்துவிட்டோம். கந்தவேல், "ஊரே இருக்கும்மா!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். வாய்ஸுக்கு அது கேட்குமா? அது பாட்டுக்கு ஓடியது.

"யார்ட்டயும் சொன்னதில்லண்ணே. எம் பையன் சிங்கப்பூருக்குப் போகல. திண்டுக்கல் பக்கம் குடிய மறக்க வைக்கிற எடத்துல கெடக்கான். ரெண்டாம் தடவ. மொத தடவ ஓடி வந்துட்டான். என்னய அடிச்சிட்டாண்ணே அன்னைக்கி. நானே ஆள் வச்சுப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டேன். கையக் கட்டித்தான் ஏத்துனாக. கத்திக்கிட்டே போனான். சரியாத்தான் செஞ்சேனான்னு தெரியல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னும் தெரியல. நீங்க எதையும் கேக்க மாட்டீங்க, அதான் போல."

சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. அண்ணன் அதை நிறுத்தப் பார்த்துக் கட்டைவிரலால் போன் மேல் குத்திக்கொண்டே இருந்தார். சேறும் ஈரமும் பட்ட விரலுக்குப் போன் கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துக் குத்தினார், வேட்டியும் ஈரம். கடைசி வார்த்தை வரைக்கும் ஓடித்தான் நின்றது.

பிறகு கந்தவேல்தான், "பாவம்ப்பா" என்றான். பாவம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

அண்ணன் அன்றைக்குப் பதில் போட்டதை நான் திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொண்டு, "திருமலைச்சாமி பேசுறேன்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி, "கேட்டேம்மா. சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று மட்டும் போட்டார். வணக்கமும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை.

பின்னால் அவர் என்னிடம் சொன்னது இது. "வெரல் ஈரம்னு எல்லாரும் நெனைக்கிறீக. பாதி வரைக்கும் நான் அமுக்கவே இல்லடா. அக்குள்ல வச்சு அமுக்கியிருந்தாக்கூடச் சத்தம் நின்னிருக்கும். டவுன்ல கடை வச்சிருக்கிற பொம்பள யார்ட்டயும் சொல்லாதத எங்கிட்டச் சொல்லுது, இவனுக கேக்கட்டும்னு ஒரு நெனப்பு உள்ள ஓடுச்சு. அதுக்கப்புறம்தான் அமுக்குனேன்."

கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

அழகம்மாள் அக்காவிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே தெரியவில்லை. சத்தம் எதிர்வீடு வரை கேட்டது.

"ஒரு பொம்பள மனசுக்குள்ள பூட்டி வச்சிருந்தத நடுரோட்டுல கொட்டிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

"வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்யல. வேணாம்னு போன எடுத்து உள்ள வச்சியா? நானும் போய் நின்னு கேட்டேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்."

ராத்திரி பூரா யோசித்து அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் வினையாகப் போனது. வளைவில் ஒரு வேல் நட்ட கல் இருக்கிறது, பழனிக்கு நடந்து போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் ஒரு பேச்சு வெளியே போகக் கூடாது என்றால் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் வாங்குவது வழக்கம். களவு, வரப்புத் தகராறு, பெண் விசயம், எல்லாவற்றுக்கும் அதுதான். மறுநாள் சாயங்காலம் அவர் ஒரு சூடக்கட்டியோடு வந்து நின்றார்.

"நேத்து கேட்டவுகல்லாம் ஆளுக்கொரு தடவ அணைச்சிருங்கப்பா. வெளிய போகக்கூடாது."

கந்தவேல் தலையைச் சொறிந்தான். "சத்தியம் பண்ற அளவுக்கு அதுல என்னண்ணே இருக்கு? எனக்குப் பாதி காதுலயே விழல. மறுபடி ஒருக்கா போடுங்க, தெளிவாக் கேட்டுட்டு அணைக்கிறேன்."

"ஏலே, வெளாடாத."

"வெளாடல. எதுக்குச் சத்தியம்னு தெரியாம எப்படிச் சாமி முன்னாடி கைய வைக்கிறது?"

எப்படியோ எல்லாரும் அணைத்தோம். கை சுட்டது. அதுவரை பாவம் என்று சொல்லி மறந்துவிட்ட விசயம், சூடம் ஏற்றினதும் பெரிய விசயமாகிவிட்டது. வேல் கல்லில் கரி பிடித்திருந்ததை மறுநாள் விறகுக்குப் போன பொம்பளைகள் பார்த்தார்கள். என்ன சத்தியம், யாருக்குச் சத்தியம் என்று விசாரணை ஆரம்பித்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. பழனி நியூஸ் நின்றுபோனதையும் கையில் இருந்த கொப்புளத்தையும் சேர்த்துப் பார்த்து ஊரே ஒரு கதையைப் பின்னியது. அந்தக் கதையில் அண்ணனும் சண்முகசுந்தரி அம்மாவும் வேறு மாதிரி வந்தார்கள். அது பொய், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லப் போன ஒருவன், உள்ளதைச் சொல்லிவிட்டான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனும் நல்லதுக்குத்தான் சொன்னான்.

இதற்கிடையில் அந்த அம்மாவிடமிருந்து வாய்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது. அண்ணன் புதுப் போன் வாங்கிவிட்டார், காதில் மாட்டுகிற வயரும் வாங்கிவிட்டார். காதில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய் நிற்பார். ஆனால் பதில் சரியாக வரவில்லை. மழை, பூண்டு, உடம்பைப் பார்த்துக்கோங்க. அவ்வளவுதான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏலே சேனாதிபதி, அந்தம்மா என்ன கேக்குதுன்னு தெரியுமா?" என்றார். "தப்பா ஏதும் சொல்லிட்டனாண்ணே, குரலே ஒரு மாதிரியா இருக்குன்னு கேக்குது. தப்பு அது பண்ணுச்சான்னு எங்கிட்டக் கேக்குது."

"விடுங்கண்ணே. அங்க எப்படித் தெரியப்போகுது? நாளானா சரியாயிரும்."

நானும் அப்படித்தான் சொன்னேன். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

அதை முடித்து வைத்தது அஜித்குமார். அவன் கெட்டவன் இல்லை. பொண்டாட்டி தம்பி குடித்துவிட்டுப் படுத்துகிற பாட்டில் வீடே நாறிக்கொண்டிருந்தது. அவன் ஒருநாள் அண்ணன் காட்டுக்கே வந்து, நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அந்தப் பழனியக்கா பையன் கெடக்கிற எடம் எதுன்னு கேட்டுச் சொல்றீகளா? எம் மச்சானச் சேக்கணும். சூடம் அணைச்சிருக்கேன், வெளிய சொல்ல மாட்டேன்."

அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அஜித்குமாருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் போனதும் என்னைப் பார்த்து, "நாளைக்கு வண்டி பழனி வழியாத்தான போகுது? நானும் வாறேன்" என்றார்.

"போன்ல சொன்னா ஆகாதாண்ணே?"

"போன்லதான கெட்டுச்சு."

வெள்ளனே கிளம்பினோம். அழகம்மாள் அக்கா அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பூண்டுக் கொத்தில் நல்லதாக ஒன்றை இறக்கி, கட்டி, வண்டியில் வைத்தது. பெருமாள்மலை தாண்டினோம். டவர் முழுசாக வந்ததும் அண்ணன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிப் போய் வாய்ஸ் போட்டார். சொல்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறவர் இல்லையே.

"திருமலைச்சாமி பேசுறேன், கவுஞ்சியிலேருந்து. பழனிப் பக்கம் வாறேம்மா. ஒரு விசயம் நேர்ல சொல்லணும். வரலாமா?"

உடனே பதில் வந்துவிட்டது. வயரைக் காதில் மாட்டிக் கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதற்குள் விசயம் தெரிந்து திட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"என்னண்ணே?"

"சமைச்சு வைக்குதாம்டா. சாப்பிடாம போகக்கூடாதாம். ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன், சாமியா வாறீகன்னு சொல்லுது." வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை. நான் கை நீட்டிச் சாத்தினேன்.

மலை இறங்குகிற வளைவுகள் பூராவும் அவர் மடியில் இருந்த பூண்டுக் கொத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்ததும் அதை எடுத்துச் சீட்டுக்குப் பின்னால் போட்டார். "இதக் கொண்டுபோய் நீட்டுனா வெலை பேசுற மாதிரி இருக்கும்."

கடை சின்னக் கடைதான். பின்னால் வீடு. அந்த அம்மா கறுப்பாக, ஒல்லியாக, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்கள். அவர்கள் முகம் எங்களுக்கும் தெரியாது, எங்கள் முகம் அவர்களுக்கும் தெரியாது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, "திருமலைச்சாமி" என்று ஆரம்பித்தார்.

"கவுஞ்சியிலேருந்து" என்று அந்த அம்மா முடித்தார்கள். சிரித்தார்கள். "உள்ள வாங்கண்ணே. தம்பி, நீங்களும் வாங்க. எலை போட்டாச்சு."

அண்ணன் வாசல்படியைத் தாண்டவில்லை. "சொல்லிட்டு உக்காருறேம்மா. கேட்டுட்டு உக்காரச் சொன்னா உக்காருறேன்."

அங்கேயே, துளசி மாலைகள் தொங்குகிற இடத்தில் நின்றுகொண்டு, சொன்னார். எதையும் குறைக்கவில்லை. காது ஸ்பீக்கர் கெட்டதிலிருந்து சூடம் வரை, ஊர் பேசுகிறது வரை. பாதி வரை அமுக்காததையும் சொன்னார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

நடுவில் ஒரு குடும்பம் வந்து மாலை கேட்டது. அந்த அம்மா எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து, பிள்ளைக்கு ஒரு ஊதலை ஊதிக் காட்டி, அனுப்பினார்கள். பிறகு திரும்பினார்கள்.

"யார் யாரு கேட்டது?"

அண்ணன் பெயர் பெயராகச் சொன்னார். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினார். "இவனும்." நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"முன்னாடி அனுப்புனதெல்லாம்?"

"எல்லாந்தாம்மா."

"எங்க மாமியா செத்தன்னைக்கி அழுதேனே?"

"அதுவும்."

கடைக்கு முன்னால் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கோ மொட்டை போட்ட பிள்ளை ஒன்று அழுதது. அந்த அம்மா மேசை மேல் சிதறிக் கிடந்த விபூதியைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி ஒரே இடத்தில் சேர்த்தார்கள்.

"அப்ப நான் உங்ககிட்டப் பேசலண்ணே. ஒரு ஊருகிட்டப் பேசியிருக்கேன், ரெண்டு வருசமா. எனக்குத்தான் தெரியல."

"ஆமாம்மா."

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது. நீங்க தப்பு உங்க மேலயான்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பீக. அதுக்கு மேல முடியல."

பிறகு அஜித்குமார் கேட்டதையும் அண்ணன் சொன்னார். அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் தான் வந்ததாக நினைத்துவிடக் கூடாதே என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். "நான் அவனுக்குப் பதில் சொல்லலம்மா. உங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னுதான்."

"குடிக்கிறது யாரு, அவரு மச்சானா?"

"ஆமா."

"அடிக்கிறானா?"

"அடிக்கிறான் போல."

அந்த அம்மா கையில் ஒட்டிய விபூதியைத் தட்டினார்கள். "அவர எனக்கு நேரா போன் பண்ணச் சொல்லுங்க. நான் சொல்லிக்கிறேன். நீங்க நடுவுல வேணாம்."

அண்ணன் தலையைக் குனிந்தபடியே, "சரிம்மா" என்றார்.

"வாங்க, சாப்பிடுங்க. ஆக்குனது கெடக்கு."

சாப்பிட்டோம். முருங்கைக்காய் சாம்பார், அவரைப் பொரியல், அந்த வாளியில் விளைந்த சின்ன வெங்காயத்தில் ஒரு புளிக்குழம்பு. அந்த அம்மா பரிமாறினார்கள், குறையில்லாமல் பரிமாறினார்கள், ஆனால் பேசவில்லை. நல்ல குழம்பு. எனக்கு இறங்கவில்லை. அண்ணன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தண்டனை மாதிரி சாப்பிட்டார்.

கிளம்பும்போது அவர் கும்பிட்டார். அந்த அம்மாவும் கும்பிட்டார்கள்.

"இனிமே நீங்க வாய்ஸ் போடாதீங்கண்ணே. எனக்குப் பேசணும்னு தோணுனா நானே போடுறேன். தோணலன்னா போட மாட்டேன். ஏன்னு கேக்காதீங்க."

"கேக்க மாட்டேம்மா."

பூண்டுக் கொத்து சீட்டுக்குப் பின்னாலேயே கிடந்தது. ஒட்டன்சத்திரம் போய் மூட்டையை இறக்கிவிட்டு வீடு திரும்புகிற வரை வண்டியெல்லாம் அந்த வாசனைதான்.

அஜித்குமார் போன் பண்ணினான். வளைவில் பண்ணவில்லை, பக்கத்து ஊரான மன்னவனூர் வரை போய்த் தனியாக நின்று பண்ணினான். மச்சானைச் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்து அண்ணனிடம், "அக்காகிட்டப் பேசுனேண்ணே" என்று ஆரம்பித்தான். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது உனக்குச் சொன்னது."

அதற்குப் பிறகு அவர் தினம் வளைவுக்கு வந்தார். எங்களோடு நிற்கவில்லை. வேல் கல்லுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் நிற்பார். போனைத் திறப்பார், பார்ப்பார், சட்டைப்பையில் வைப்பார், காட்டுக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். கார்த்திகை போயிற்று. மார்கழிப் பனியில் உருளைச் செடி கருகிற்று. கந்தவேல்கூட நியூஸ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எங்களில் ரெண்டு பேர் வயர் வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கினேன். யாருக்காவது வாய்ஸ் வந்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போகிறோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள். சாயங்காலம் வெயில் இருந்தது. பள்ளத்தாக்கு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அண்ணன் போனிலிருந்து டிங்கென்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் போனைப் பார்த்தார். உடனே திறக்கவில்லை. காட்டிலிருந்து வந்த கைதான், ஆனால் காய்ந்திருந்தது. இருந்தாலும் வேட்டியில் ரெண்டு தடவை துடைத்தார். வயரைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் எங்கள் கண்ணுக்கு மறைகிற வரை இறங்கிப் போனார்.

வெகு நேரம் கழித்து ஏறி வந்தார். கண் சிவந்திருந்ததா, இறங்கி ஏறின களைப்பா, தெரியவில்லை.

கந்தவேல் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். "யாருண்ணே, பழனியம்மாவா?"

"நாளைக்குப் பூண்டுக்கு மண்ணணைக்கிற சோலி கெடக்கு. வெரசா வாங்கடா, இருட்டப் போகுது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அவர்களிடமிருந்துதான் வந்ததா, வந்தது நல்லதா, கெட்டதா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.